பிரிவு விருந்துக்குத் தோதான இடம்

சியோலை அடுத்த புச்சோன் நகரில் எங்கே சாப்பிடலாம் என்று சந்தேகம் வந்தால் மா கில்சூவைத்தான் கேட்பார்கள். மின்தூக்கிக் கதவு செய்யும் கம்பெனியில் விற்பனைப் பிரிவின் துணைத்தலைவர் அவர். மழை பிடித்துக்கொண்டால் வெங்காயத்தாள் அடைக்கு எந்தக் கடை, வாடிக்கையாளர் மனைவியோடு வந்தால் சத்தமில்லாத அறை எங்கே, சியோல் தலைமையகத்திலிருந்து தணிக்கைக்கு வருகிறவர்களின் வயிற்றை நிறைத்து வாயை அடைக்க எது தோது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. இவ்வளவு தெரிந்ததில் மனிதருக்கு என்ன கிடைத்தது என்றால், தொப்பை கிடைத்தது.

ஆபீஸ் கூட்டமாகச் சாப்பிடப் போகும்போது இடம் பார்ப்பது கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன் பொறுப்பு. கில்சூ சேர்ந்த புதிதில் பார்த்தார். அவருக்குப் பின்னால் எத்தனையோ பேர் சேர்ந்தார்கள், அவரைத் தாண்டி மேலேயும் போனார்கள். இடம் பார்க்கிற வேலை மட்டும் அவரை விட்டு நகரவில்லை. "மா மாதிரி யாரு பாப்பாங்க?" என்று வந்த தலைவர்கள் எல்லாம் முதுகில் தட்டினார்கள். தட்டின கைகளில் ஒன்றாவது அவரைத் தூக்கிவிட்டிருக்கலாம்.

தரையில் மெத்தை போட்ட அறைகளில் உட்காருவதற்கு ஒரு முறை உண்டு. கதவுக்கு எதிரே, உள்சுவரை ஒட்டிய நடு மெத்தை, யாருக்காக விருந்தோ அவருக்கு. கதவோரம், பணிப்பெண்ணை அழைக்கிற மணிக்குப் பக்கத்தில் இருப்பது இடம் பார்த்தவனுக்கு. அவன் மேசை நடுவில் வேகிற இறைச்சியைப் புரட்டவேண்டும், கத்தரிக்கோலால் நறுக்கவேண்டும், காலிக் கிண்ணம் எவருடையது என்று கவனிக்கவேண்டும். 'பந்திக்கு முந்து' என்கிற பழமொழி கில்சூ பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. தன் பங்கை அவர் வாயில் வைக்கும்போது அது ஆறிக் கெட்டியாகியிருக்கும்.

அந்த நவம்பரில் பிரிவுத் தலைவர் யாங் இயக்குநராகப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அவர் நாற்காலி காலியாகும். இந்த முறை கிடைக்காவிட்டால் இனி இல்லை என்பது கில்சூவுக்குத் தெரியும். வசந்தத்தில் மகளுக்குக் கல்யாணம் வேறு. அப்பா வேலையில் இருக்கும்போதே பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் தவிப்பார்கள். வேலை போனவன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கம்பெனியிலிருந்து எவன் வருவான்? கம்பெனி பெயர் போட்டு வாசலில் நிறுத்துகிற வாழ்த்து மலர் வளையம்கூட வராது.

யாங் அவரைவிட வயதில் சின்னவர். காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் 'அண்ணே' என்பார். ஒரு நாள் காலையிலேயே அந்த 'அண்ணே' வந்துவிட்டது.

"அண்ணே, வெள்ளிக்கிழமை ஒரு பிரிவு விருந்து. நல்ல இடமா பாத்துடுங்க."

"யாருக்கு சார்?"

"இப்ப சொல்லக்கூடாது. மேலேர்ந்து உத்தரவு. போறவருக்குப் பிடிச்ச எடமா இருக்கட்டும், மனசு நோகக்கூடாது பாருங்க."

"அவருக்கு என்ன பிடிக்கும்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

யாங் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "உங்களுக்குத் தெரியாததா அண்ணே."

போகிறவர் கிடங்குப் பொறுப்பாளர் பெக்தான் என்று கில்சூ முடிவு கட்டினார். பெக்குக்கு வயதாகிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது, ஆபீஸே அப்படித்தான் பேசிக்கொண்டது. பெக்கின் நாக்கும் கில்சூவுக்குத் தெரியும். சந்தை முனையில் பன்றி முதுகெலும்புக் குழம்பு விற்கிற கடை ஒன்று இருக்கிறது. இருவரும் மத்தியானத்தில் அங்கே போய், எலும்பைக் கையில் எடுத்து, சட்டையில் தெறிக்கத் தெறிக்க உறிஞ்சுவார்கள். கில்சூவுக்கு இந்த ஊரிலேயே பிடித்த சாப்பாடும் அதுதான். பிரிவு விருந்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஆனால் அவர் மொக்போ அம்மா கடையில் அறை சொன்னார். மொக்போவிலிருந்து வந்த அந்த அம்மாள் விற்பது புளிக்கவைத்த திருக்கை மீன். வாயில் வைத்தால் மூத்திரச் சந்து நெடி மண்டைக்கு ஏறும். தெற்குக் கடற்கரைக்காரரான யாங்குக்கு அது உயிர். கில்சூ எத்தனையோ முறை அங்கே விருந்து வைத்திருக்கிறார், ஒரு துண்டுகூடத் தொட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி மனைவி சொனோக் கேட்டாள்.

"ஏங்க, பெக்குக்கு அந்த நாத்தம் புடிக்குமா?"

"புடிக்காது."

"பின்ன? பாவம், கடைசியா ஒரு வேளை. அவருக்குப் புடிச்சதை வாங்கிக் குடுக்கக்கூடாதா?"

"போறவன் நாக்கைப் பாத்து என்னடி ஆவப்போகுது? நாற்காலி குடுக்கறவன் நாக்கைப் பாக்கணும். ஒம் பொண்ணு கல்யாணத்துல நான் தலைவரா நிக்கணுமா, வேணாமா?"

"இப்பிடிப் பேசாதீங்க. வேலையை விட்டுப் போற மனுஷன் வயித்தெரிச்சல் சும்மா விடாது."

"அவன் வயிறு எரிஞ்சா மோர் குடிக்கட்டும்," என்று சிரித்துக்கொண்டே ஷூவை மாட்டினார். கெட்ட மனிதர் இல்லை. ஆசை வந்தால் நல்ல மனிதனுக்கும் இப்படி வாய் வரும்.

சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் அறை நிறைந்துவிட்டது. கில்சூ வழக்கம்போல் கதவோரம் மண்டியிட்டு, கரண்டிகளை எல்லோருக்கும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். உள்சுவர் மெத்தை காலியாக இருந்தது. பெக் ஒரு மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

"என்னய்யா கூச்சம்? உள்ள போய் உக்காரு. இன்னிக்கு நீதானே மாப்பிள்ளை!"

பெக் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் இல்லப்பா," என்றார்.

"நீ இல்லன்னா வேற யாரு?"

போன மாதம் சேர்ந்த ஹாயுன் என்ற பெண் மெதுவாக வந்து, அவர் கையிலிருந்த கரண்டிக் கட்டை வாங்கிக்கொண்டாள். "சார், இன்னிக்கு இங்க நான் உக்காந்துக்கறேன்," என்றாள். யாங் எழுந்து வந்து கில்சூவின் முழங்கையைப் பிடித்தார். "வாங்க அண்ணே, உள்ள வாங்க."

கதவிலிருந்து உள்சுவர் வரை நாலு எட்டு இருந்தால் அதிகம். அதைக் கடக்கும்போது கில்சூவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புதுத் தலைவர் சியோலிலிருந்து வருகிறார், நாற்பதுகூட ஆகாத ஆள் என்று காதில் விழுந்து அவர் நம்பாமல் விட்ட பேச்சு மெய்தான். இந்த வருஷ ஆட்குறைப்பில் புச்சோன் கிளையிலிருந்து ஒரு பெயர் கேட்டிருக்கிறார்கள், யாங் ஒரு பெயர் கொடுத்துவிட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள, பன்னிரண்டு பேர் கொள்ளும் அறையாகப் பார்த்து முன்பணமும் கட்டியிருந்தார் கில்சூ.

மொக்போ அம்மா பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேகவைத்த பன்றி இறைச்சி, நாள்பட்டுப் புளித்த முட்டைக்கோஸ் கிம்ச்சி, நடுவில் இளஞ்சிவப்பாகத் திருக்கைத் துண்டுகள். உள்மெத்தையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"அட, மா தம்பிக்கா விருந்து? இவரு இதைத் தொடவே மாட்டாரே! முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஏதாவது பண்ணியிருப்பேனே!"

யாங் உண்மையிலேயே திடுக்கிட்டார். "என்ன அண்ணே இது? போறவருக்குப் பிடிச்ச எடமா பாருங்கன்னு சொன்னேனே. அதுக்குத்தானே உங்க கையில குடுத்தேன்."

அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. அந்த ஆள் அதை நல்ல மனதோடு செய்திருந்தார். கழுத்தை அறுத்தவரே கடைசி வேளைச் சாப்பாட்டைப் பிடித்ததாகத் தேர்ந்துகொள் என்றும் சொல்லியிருந்தார். அந்த ஒரு வேளையையும் கில்சூ யாங்கின் நாக்குக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்.

விருந்துக்குரியவர் தொடும்வரை மற்றவர்கள் கை வைக்கக்கூடாது. எல்லோரும் காத்திருந்தார்கள். கில்சூ ஒரு துண்டை எடுத்துக் கிம்ச்சியில் சுற்றி வாயில் போட்டார். நெடி மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் நீர் கொட்டியது. "அழாதீங்க அண்ணே," என்று யாங் முதுகில் தட்டினார். யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். பெக் மட்டும் தட்டவில்லை.

அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சொனோக்.

"சாப்பாடு ஆச்சாங்க? காலைல நீங்க பேசினது மனசுக்குக் கஷ்டமாவே இருக்கு. பாவம், போறவரு சாப்பிட்டாரா?"

கில்சூ வாயில் இருந்ததை விழுங்கினார்.

"சாப்பிட்டுக்கிட்டிருக்காரு," என்றார்.