டிலிஸ் என்றால் அசல்

பார்சலைத் தராசில் வைத்துவிட்டு எடையைப் பார்ப்பதில்லை டிலிஸ். எதிரே நிற்கும் பெண்ணின் தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார். "என்ன பேரு வச்சிருக்கே? அர்த்தம் தெரியுமா?" தெரியாது என்றால் ஸ்டாம்ப் கிடைக்கத் தாமதமாகும்.

வேல்ஸின் இந்தக் குவாரி ஊரில் தபால் நிலையம் என்பது மளிகைக் கடையின் ஒரு மூலை. அறுபத்தேழு வயதிலும் அங்கே நின்றபடியே சாப்பிடுகிறார். வெண்ணெய் தடவிய ரொட்டி, ஆறிப்போன தேநீர். ஊரில் பாதிப் பேர் ஜோன்ஸ். "குடும்பப் பேரை வச்சு யாரைக் கண்டுபிடிக்கிறது? சொந்தப் பேருதான் ஆளு" என்பார். தன் பெயரை விளக்க அவரை யாரும் கேட்க வேண்டியதில்லை. "டிலிஸ்னா அசல். போலி இல்லே. பைபிள் பேரு இல்லே, புனிதர் பேரும் இல்லே. எங்க மொழியில சும்மா கிடந்த சொல்லு." நூற்றைம்பது வருடங்களுக்கு முன் யாரோ அதை எடுத்துப் பெண் குழந்தைக்கு வைக்க, பரவிவிட்டதாம். 'செல்லும்' என்ற பொருளில் பஸ் டிக்கெட்டிலும் அச்சாகியிருக்கும். ஓட்டுநர் ஆலெட் தினமும் சொல்வான்: "உன் பேரு இல்லாம என் பஸ்ல ஒருத்தனும் ஏற முடியாது."

குருத்தோலை ஞாயிறு இங்கே பூ ஞாயிறு. அதற்கு முதல் நாள் ஊரே வாளியும் பிரஷுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் தங்கள் வீட்டுக் கற்களைத் தேய்த்துக் கழுவும். தாத்தாவின் கல்லுக்குப் பின்புறத்தை அம்மா கெய்ன்வென் யாரையும் தொட விட்டதில்லை. அந்த இடம் வந்ததும் டிலிஸைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிடுவார். அறுபது வருடமாக டிலிஸும் வாளியோடு போய் வந்தார். இந்த ஜனவரியில் அம்மா இறந்துபோனார்.

சனிக்கிழமை, அனுப்ப ஆளில்லாததால், டிலிஸ் பின்புறம் போனார். முழங்கால் உயரத்தில் ஒரு சிலேட்டுக் கல். சிலேட்டில் எழுத்து தேயாது. பாசிகூடப் படியவில்லை.

டிலிஸ். ராபர்ட், கெய்ன்வென் மகள். பதினோரு வாரம். 1955.

இவர் பிறந்தது 1957.

இரண்டாம் முறை விரலால் தடவிப் படித்தார். அடுத்த கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த தாய்மாமன் இட்வலிடம் இது யார் என்று கேட்டார். எண்பத்தேழு வயது இட்வல் நிதானமாகத் துணியைப் பிழிந்தார்.

"உன் அக்கா. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"மாமா, என் பேரு இது."

"அப்பல்லாம் நல்ல பேரை வீணாக்க மாட்டாங்க கண்ணு. அவ பதினோரு வாரந்தானே போட்டுக்கிட்டா. புதுசாவே இருந்துச்சு."

பிரஷிலிருந்து நீர் ஷூவின் மேல் சொட்டியது, டிலிஸ் காலை நகர்த்தவில்லை.

வெளியே பஸ் வந்து நின்றது. ஆலெட் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டிலிஸ்" என்று கூப்பிட்டான்.

அவர் திரும்பவில்லை. முதலில் கல்லைப் பார்த்தார்.