"வயிறு க்ளீன், சார்"

போன வாரம் ஒரு மதியம், சூளகிரி பக்கம் டிப்பர் லாரி ஒன்று டூவீலரில் போனவரை இடுப்போடு நசுக்கிவிட்டது. பெயர் முனிராஜ். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே அவர் மனைவியும் ஆட்டோவில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார்.

இடுப்பெலும்பு உடைந்தால் முதலில் என்ன செய்வோம்? பெட்ஷீட்டை மடித்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவோம். கட்டினோம். அடுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இப்போதெல்லாம் மெஷினே கட்டிலுக்கு வந்துவிடுகிறது. டியூட்டி டாக்டர் நித்யா கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், மூத்திரப்பை, இதயம் என்று மளமளவென்று பார்த்தார்.

"வயிறு க்ளீன், சார். ரத்தம் தேங்கல. பிரஷரும் ஓகே. சிடி ஸ்கேனுக்கு அனுப்பிடலாமா?"

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்...

நான் வேலைக்கு வந்த புதிதில் எங்கள் கேஷுவாலிட்டியில் இருந்தது ஒரே ஒரு எக்ஸ்ரே மெஷின். அதுவும் பாதி நாள் படுத்துக்கொள்ளும். வயிற்றில் ரத்தமா என்று அறிய ஊசியால் குத்திப் பார்ப்போம். அந்த ஊசிக்காக நான் ஏங்கவில்லை. ஏங்குவது அந்தப் பேச்சுக்காக. கையில் வேறொன்றும் இல்லாததால், பேஷண்ட் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்போம். "எந்த ஊருங்க? அணையில தண்ணி வுட்டாங்களா? ராகி அறுத்தாச்சா?" கெலவரப்பள்ளியிலிருந்து அஞ்செட்டி வரைக்கும் ஊர்க்கதை எல்லாம் எனக்கு இப்படித் தெரிந்ததுதான். வெறும் மரியாதைப் பேச்சல்ல அது. பதில் குழறினால், எங்கேயோ ரத்தம் போகிறது என்று அர்த்தம்.

இப்போது எல்லோரும் திரையைப் பார்க்கிறோம். நானும்தான்.

முனிராஜ் முனகினார். "அம்மா... நீள்ளு இய்யி."

தெலுங்கில் தண்ணீர் கேட்கிறார். ஒரே மூச்சில் மூன்று பாஷை பேசுகிற ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமா? நாங்கள் கண்டுகொள்ளவில்லை. மனைவிதான் வெலவெலத்துப் போனார்.

"அவங்கம்மா தவறினதுலருந்து இவரு தெலுங்கே பேசினதில்லீங்க. எங்கிட்ட தமிழுதான். இப்ப யாருகிட்டங்க தண்ணி கேக்கறாரு?"

திரையை விட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் நிதானத்தில் இல்லை. வயிறு க்ளீன்தான் — ஆனால் உடைந்த இடுப்புக்குள், முதுகை ஒட்டிக் கசிகிற ரத்தம் இந்த ஸ்கேனில் சிக்காமலே போகலாம். சிடி அறையோ அடுத்த கட்டிடத்தில். வழியில் பிரஷர் விழுந்தால்?

"சிடி வேணாம்மா. முதல்ல ரத்தம் ஏத்தலாம். ஆர்த்தோவைக் கூப்பிடுங்க."

ரத்தம் ஏறத் தொடங்கும்போதே பிரஷர் சரிந்தது. நல்லவேளை, எங்கள் கையில் இருந்தார். சிடிக்குப் போகிற வழியில், லிஃப்டில் இல்லை. அங்கிருந்து நேராக ஆபரேஷன் தியேட்டர். பிழைத்துக்கொண்டார்.

நேற்று வார்டுக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பழைய நாட்கள் மாதிரி ஊர்ப் பேச்சு பேசினோம். எவ்வளவு காலமாயிற்று... மனசு நிறைந்துவிட்டது.

"வம்புக்குன்னே இப்ப எங்கிட்டயும் தெலுங்குலதான் தண்ணி கேக்கறாருங்க" என்றார் மனைவி. முனிராஜ் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

மெஷின் நல்ல மெஷின்தான், குறை சொல்ல மாட்டேன். பாவம்... அதற்குத் தெலுங்கு தெரியாது.