தூங்குகிறாள் என்று சொன்னேன்

என் மனைவியின் செல்போனை எடுத்து, "தூங்குறா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்று ஓராண்டுக்கு மேல் பொய் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த அறையில், சுவரைப் பார்த்தபடி.

அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. அறுவை, கீமோ, கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, நோய் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். சிகிச்சையின்போது தொற்று வரக்கூடாதென்று ஆட்களைத் தவிர்க்கச் சொன்னது உண்மை. முடிந்த பிறகும் நான் தவிர்த்துக்கொண்டே இருந்தேன். வருகிறவர்கள் அழுவார்கள், இதே நோய் வந்து செத்தவர்களின் கதையைச் சொல்வார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, அதன் பிறகு கிடைத்த முதல் உருப்படியான வேலை அவளைக் கவனித்துக்கொள்வது. அதில் யாரும் பங்குக்கு வருவது பிடிக்கவில்லை.

பசுமலைப் பள்ளியில் அவளோடு வேலை பார்த்த மூன்று ஆசிரியைகள் விடாமல் கூப்பிட்டார்கள். போகப்போக இருவர் நிறுத்திவிட்டார்கள். கணக்கு டீச்சர் மட்டும் தல்லாகுளத்திலிருந்து பஸ் ஏறித் திருநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் கேட்டிலேயே திருப்பி அனுப்பினேன்.

"எல்லாரும் என்னை மறந்துட்டாங்க போல" என்றாள் மனைவி ஒரு நாள். நான் அவள் செல்போனை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா கேட்டார். "வீட்டுக்கு யாரெல்லாம் வந்து போறாங்க?"

"பால்காரர் வருவாரு டாக்டர். அவரும் கேட்டோட போயிருவாரு" என்றாள் மனைவி.

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நிறையக் கேட்டார். இது மனச்சோர்வு, சிகிச்சை முடிந்தவர்கள் பலருக்கும் வருவது, சரிசெய்யலாம் என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மாத்திரையோடு மனிதர்களும் வேண்டும் என்றார்.

திரும்பும்போது ஆட்டோவிலேயே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்புட்டுப் பேரும் கூப்பிட்டாங்களா?"

"ஆமா."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள். "நீங்களே நேர்ல போயி அவங்களக் கூட்டிட்டு வாங்க. போன்ல இல்ல."

முதலில் தல்லாகுளம் போனேன். கணக்கு டீச்சர் கேட்டைத் திறக்காமலே கேட்டார். "வாங்கண்ணே. எந்திரிச்சிட்டாளா?"

"பொய் சொன்னேம்மா. அவ தூங்கல."

"தெரியும்ணே. எந்த மனுசி இம்புட்டுத் தூங்குவா?"

என்னை வெயிலில் நிற்கவைத்துத் திட்டித் தீர்த்தார். பிறகு தண்ணீர் கொடுத்து, "சனிக்கிழமை வாரோம்" என்றார். மற்ற இருவரிடமும் போய் இதே வாக்குமூலத்தைச் சொன்னேன்.

மூவரும் வந்தார்கள். மனைவி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அறையை விட்டு வரவில்லை. கணக்கு டீச்சர் நேரே உள்ளே போய்த் துண்டை உருவினார்.

"ஏண்டி, சுருட்டை முடியால்ல வளந்திருக்கு! நாங்க பார்லர்ல தவம் கிடந்தும் வரலையே!"

அப்புறம் என் மனைவியின் குரல். "தலையக் காட்டு, பாதிய வெட்டி ஒட்டி விடுறேன்."

உள்ளே ஒரே சிரிப்பு. நான் டீத்தட்டோடு வெளியே நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. அது நியாயம்தான்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மாத்திரை தொடர்கிறது. எழுந்திருக்கவே பிடிக்காத நாட்கள் இப்போதும் வருகின்றன. அன்றெல்லாம் கணக்கு டீச்சர் வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவார். மூவரில் ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. திருமங்கலத்தில் ஒரு பெண்ணுக்கு இதே நோய்க்கு இப்போதுதான் சிகிச்சை முடிந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் நால்வரும் அவளைப் பார்க்கப் போகிறார்கள்.

போன வாரம், சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்த மனைவியிடம், என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லங்க. அவளுக பஸ் ஸ்டாப்புல நிக்கிறாளுக. சோத்துக்கு உலை வச்சிருங்க, போயிட்டு வாரேன்."