பட்டையில் விழுந்த கோடு

நான் வாயாடி. கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்த நாள் முதல், எங்கள் லேபில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. அப்படிப்பட்டவள் ஒருநாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இங்கே எலிப்பனி என்று சொல்லும் எலிக்காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் ஒரு புதுக் காகிதப் பட்டையைச் சோதித்துப் பார்க்கும் வேலை அப்போது எங்களுக்கு வந்திருந்தது. தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாக்கி அதில் சேர்த்திருப்பார்கள். அவ்வளவு பொடியானால் தங்கம் சிவப்பாகத் தெரியும். ரத்தத்தில் கிருமி இருந்தால் துகள்கள் ஓரிடத்தில் சேர்ந்து, கால் மணி நேரத்தில் சிவப்புக் கோடு விழும். பழைய சோதனைக்குப் பிடிபடச் சில நாளாகும். இந்தக் காய்ச்சலை முதலிலேயே பிடித்தால் மாத்திரையில் தீர்ந்துவிடும். விட்டால் சிறுநீரகம் போய்விடும். ஆனாலும் பட்டையை நம்பலாம் என்று உறுதியாகும்வரை அதன் முடிவு எங்கள் நோட்டைத் தாண்டக்கூடாது. நோயாளிக்குப் பழைய சோதனையின் ரிப்போர்ட்தான்.

போனக்காடு எஸ்டேட்டிலிருந்து ஒருவர் வந்தார். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள், கண்ணெல்லாம் சிவப்பு. பட்டையில் பளிச்சென்று கோடு விழுந்தது. பழைய சோதனையில் ஒன்றுமில்லை.

பொறுப்பாளரிடம் ஓடினேன். "சார், அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிரட்டா?"

"வேண்டா. அது நம்ம நோட்டுக்குள்ளது. தப்பாப் போனா யாரு சமாதானம் பறைவா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேசாமல் திரும்பிவிட்டேன்.

ரிப்போர்ட்டை வாங்கிய மனிதரின் முகம் தெளிந்தது. "அப்போ எலிப்பனி இல்லல்லா, சிஸ்டரே? ரெண்டு மணி பஸ்ஸப் பிடிச்சா வீட்டுக்குப் போயிரலாம்."

"ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல" என்றேன்.

காய்ச்சல் விடாவிட்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. பாவி, அதைக்கூடச் சொல்லவில்லை நான்.

மறுபடி ரத்தம் எடுக்க வேண்டுமென்று பத்து நாள் கழித்து ஃபோன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். உடம்பு மஞ்சளாகி, மூத்திரம் நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். எலிப்பனியேதான் என்று அங்கே சொன்னார்களாம்.

"லேபில ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னு நிம்மதியாக் கெடந்தாரு, சிஸ்டரே. முந்தாநேத்து அடக்கம் கழிஞ்சு."

என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை அந்தம்மா. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த வாரக் கூட்டத்தில் பொறுப்பாளர் அந்த எஸ்டேட்காரருடைய ரத்த மாதிரியின் எண்ணைத் திரையில் காட்டினார். பழைய சோதனை தவறவிட்டதை நம் பட்டை மூன்றாம் நாளே பிடித்திருக்கிறது, இதைவிட நல்ல சான்று வேண்டாம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.