மூலையில் நின்ற ‘எம்’

வெயிலில் வைத்துப் பற்றரியை மாற்றினால் கல்குலேட்டரில் சேமித்த எண் அழியாது என்று முழுதாக நம்பினேன். மேலே சூரியத் தகடு இருக்கிறதே.

கருவாடு நிறுக்கும்போது கணக்குப் போட மனைவி பாவித்தது. அவள் கடைசியாகச் சேமித்த எண் உள்ளே இருந்ததால் திரையின் மூலையில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்து நின்றது. அவள் இறந்தபிறகு அந்த எண்ணை நான் எடுத்துப் பார்க்கவில்லை. திரை மங்கியதும் கல்குலேட்டரையும் திருப்புளியையும் புதுப் பற்றரியையும் எடுத்துக்கொண்டு தலைமன்னார்க் கடற்கரைக்கு ஓடினேன், சூரியன் அங்கே மட்டும் இருப்பதுபோல்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவளுடைய தம்பி கேட்டான்: “என்ன அத்தான், ஒப்பரேசனோ? முதல்ல நம்பரைப் பாத்து வையுங்கோவன்.”

அது எனக்குத் தோன்றவேயில்லை. பார்த்தேன். நாற்பத்தாறு. எதன் கணக்கென்று இருவருக்கும் தெரியவில்லை.

பற்றரியைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். என் மொட்டைத்தலையின் நிழல் தகட்டை மூடியது. எழுத்து மறைந்தது.

புதுப் பற்றரி போட்டு, நாற்பத்தாறை அழுத்திச் சேமித்தேன். மூலையில் ‘எம்’ இருக்கிறது. அது நான் போட்டது.