எட்டில் மூன்றாவது மீன்

எண்பதுகளில் ஓசூர் வார்ப்பாலை ஒன்றில் வார்ப்புகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் நான். முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு வெண்கல மீன் வாங்கி வந்தார். தலை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்க் குழாய். சர்ரியலிசச் சிற்பி ஒருவரின் வேலை. எட்டே எட்டு வார்த்து அச்சை உடைத்துவிட்டார்களாம். அடியில் 3/8 என்று பொறித்திருந்தது.

வயிற்றில் ஓர் ஓட்டை. பென்சிலை விட்டுப் பார்த்தேன். வாய் குறுகல், உள்ளே அகலம்.

“இது புளோ ஹோல் சார். வார்க்கறப்ப காத்து மாட்டியிருக்கு.”

“அது கலைம்மா. உனக்குப் புரியாது.”

எனக்குச் சுருக்கென்றது. ஓட்டை பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் நான். “செஞ்சவங்களையே கேளுங்க” என்றேன்.

எழுதிக் கேட்டார். மற்ற ஏழிலும் ஓட்டை இல்லை என்று பதில் வந்தது.

கடிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். “பாத்தியா, உலகத்துலயே இப்படி இது ஒண்ணுதான்!”

“நான் ரிஜெக்ட் பண்ற ஒவ்வொரு பீஸும் அப்படித்தான் சார்” என்றேன்.