படகின் ஹாரன்

அணையில் மூழ்கியவர்களைத் தேட எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஃபைபர் படகு வந்தது. அதில் பேட்டரியும் சுவிட்ச் பேனலும் பொருத்த, திண்டுக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் செய்யும் ஒருவரை அழைத்து வந்தேன். காக்கிச் சட்டை, கருகிய விரல் நுனிகள். பழக்கதோஷத்தில் முதல் விளக்கின் மைனஸ் வயரைப் படகின் போல்ட்டில் முடுக்கிவிட்டார். "லாரி புத்தி சார். அதுல பாடியே மைனஸ். இதுல இரும்பு பாடி ஏது?" என்று சிரிக்காமல் கழற்றினார். ஒவ்வொரு வயரையும் மாட்டியபின் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார்.

ஹாரனை நீட்டியதும் அவர் கை நின்றது.

"இது வேணாம் சார். சத்தங் கேட்டா, கரையில நிக்கிற தாயி உசுரோட கொண்டு வாராகன்னு ஓடியாரும்."

"ஆர்டர்ல இருக்குண்ணே. மாட்டிருங்க."

மாட்டி, ஒரு முறை அடித்தும் காட்டினார்.

அடுத்த மாதம் கன்னிவாடிப் பையன் ஒருவனின் உடலோடு படகு திரும்பியது. கரையில் கூட்டம் விலகட்டும் என்று ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். சத்தம் வரவில்லை. மரத்தடியில் இருந்த அவன் அம்மா ஓடி வரவில்லை. நாங்கள்தான் நடந்து போய்ச் சொன்னோம்.

பிறகு பேனலைத் திறந்தேன். ஹாரன் வயர்கள் இறுக்கமாகவே இருந்தன. ஃபியூஸை மட்டும் காணோம்.

அந்த வயரிங்காரர் முன்பு எந்தக் கரையில், யாருக்காக நின்றிருந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஃபியூஸையும் இதுவரை நான் போடவில்லை.